வில்லங்கம் பார்த்தீங்க, வீட்டைப் பார்த்தீங்களா?

நம்ம ஊரில் ஒருத்தர் ஃப்ளாட் வாங்குவதற்கு முன்னால் என்னென்ன பார்க்கிறார் என்று ஒரு லிஸ்ட் போடுங்கள். மூலப்பத்திரத்தில் ஆரம்பித்து 30 வருடப் பேப்பர்களை வக்கீலிடம் கொடுத்து லீகல் ஒப்பீனியன். வில்லங்கச் சான்று. பட்டா. பிளான் அப்ரூவல். வங்கி அனுப்பும் வேல்யூவர். அதற்கப்புறம் வாஸ்துக்காரர். அக்னி மூலையில் அடுப்பு இருக்கிறதா, ஈசானியத்தில் பாத்ரூம் வந்துவிட்டதா என்று அவர் திசைகாட்டியோடு வந்து பார்ப்பார். கடைசியில் நல்ல நாள் குறிக்க ஜோசியர்.

இத்தனை பேர் பார்த்தாயிற்று. ஆனால் அந்த வீட்டின் சுவரை, கூரையை, குழாயை, ஒயரிங்கை விஷயம் தெரிந்த ஒருத்தர் தொட்டுப் பார்த்தாரா? கிடையாது. வீட்டைத் தவிர எல்லாவற்றையும் சோதனை போட்டுவிட்டு வீட்டை வாங்குகிறோம்.

அதனால்தான் இந்தப் பதிவு. ஹோம் இன்ஸ்பெக்ஷன் என்று ஒரு தொழில் இருக்கிறது. சென்னை, பெங்களூரு மாதிரி ஊர்களில் இதைச் செய்து தரும் கம்பெனிகள் இருக்கின்றன. அவர்களைப் புகழ நான் வரவில்லை, அவர்களுக்கும் கீழே அர்ச்சனை உண்டு :-) நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஆய்வு செய்வது முக்கியம். அதைவிட முக்கியம், ஆய்வாளருக்குச் சம்பளம் கொடுப்பது யார், அவர் வருவது அட்வான்ஸுக்கு முன்னாலா பின்னாலா என்பது. இந்த இரண்டும் தப்பாக இருந்தால் 80 பக்க ரிப்போர்ட்டும் பழைய பேப்பர்தான்.

முதலில் கணக்கு

பி.காம். படிக்கிறவன் என்பதால் கணக்கில் ஆரம்பிக்கிறேன். 60 லட்ச ரூபாய்க்கு ஒரு பழைய ஃப்ளாட் என்று வைத்துக்கொள்வோம். இந்த விலைக்கு வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் கடன் தரலாம். அதாவது 48 லட்சம். மீதி 12 லட்சம் கைக்காசு. தமிழ்நாட்டில் மறுவிற்பனைக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 5 லட்சத்து 40 ஆயிரம். மொத்தம் 17 லட்சத்து 40 ஆயிரம் கையிலிருந்து போகிறது. நம்மில் பல பேர் வீட்டில் அது அப்பாவின் பி.எஃப். பணம், அம்மாவின் நகை.

கடனுக்கு 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 41,650 ரூபாய். முடிக்கும்போது கட்டியிருக்கும் தொகை கிட்டத்தட்ட ஒரு கோடி.

இப்போது ஆய்வுக்கு 15,000 ரூபாய் ஆகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு விலையில் அது கால் சதவீதம். பதினோரு நாள் தவணைப் பணம். இதைச் சொன்னால் "அதுக்கு எதுக்குங்க தண்டச் செலவு" என்கிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு பந்தியில் போடும் ஸ்வீட்டுக்கு இதைவிட அதிகம் ஆகும்.

"வங்கியே பார்த்துட்டாங்களே!"

அடிக்கடி காதில் விழும் வசனம் இது. பெரிய ஏமாற்றமும் இதுதான்.

வங்கி வேல்யூவர் வருவது வங்கிக்காக. நீங்கள் தவணை கட்டாமல் விட்டால் இந்தச் சொத்தை விற்று கடனை எடுக்க முடியுமா, அவர் பதில் தேட வேண்டிய கேள்வி அது. அளவு, இடம், வயது, அக்கம்பக்கத்து விலை பார்ப்பார். மேல் வீட்டு பாத்ரூம் உங்கள் தலையில் ஒழுகுமா என்பது அவர் வேலை இல்லை. அதற்கான ஃபீஸ் உங்கள் தலையில், ரிப்போர்ட் போவது வங்கிக்கு. யாருக்காக எழுதப்பட்ட ரிப்போர்ட் என்று பார்க்காமல் அதை நம்பக்கூடாது என்பது ஆடிட்டிங் வகுப்பில் முதல் வாரத்திலேயே சொல்லித் தருகிற விஷயம்.

அப்ரூவலும் அப்படித்தான். 2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள். அது அனுமதி பெற்ற கட்டடம்தான். பக்கத்திலிருந்த இன்னொரு டவரை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். அங்கே ஒரு இன்ஸ்பெக்டர் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால் தப்பித்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. அஸ்திவாரமும் மண்ணின் தாங்குதிறனும் டார்ச் வெளிச்சத்தில் தெரியாது. அப்ரூவல் என்பது பேப்பருக்குக் கிடைக்கிற முத்திரை, கான்கிரீட்டுக்குக் கிடைக்கிற முத்திரை இல்லை என்பதை மட்டும்தான் சொல்கிறேன்.

சட்டம் காப்பாற்றாதா?

கொஞ்சம் காப்பாற்றும். ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

2016-ம் வருட ரெரா சட்டத்தின் 14(3) பிரிவு புது வீட்டுக்கு ஒரு கவசம் தருகிறது. வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரியவந்து சொன்னால், பில்டர் 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். தவறினால் நஷ்டஈடு. நல்ல சட்டம். ஆனால் 12 வருடப் பழைய ஃப்ளாட்டை ஒரு தனி ஆளிடமிருந்து வாங்கினால் அந்த 5 வருடம் எப்போதோ முடிந்திருக்கும். இன்னொன்று, நிலம் 500 சதுர மீட்டருக்கு மேல் போகாத அல்லது 8 வீடுகளுக்கு மேல் இல்லாத திட்டத்துக்கு ரெரா பதிவே கட்டாயம் இல்லை. நம்ம தெருக்களில் பழைய வீட்டை இடித்துவிட்டு ஆறு ஃப்ளாட் கட்டுகிறார்களே, அவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

பழைய வீட்டுக்கு என்ன சட்டம்? 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 55(1)(அ). விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறதா? கூடவே ஒரு வால் இருக்கிறது. வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்கு இது பொருந்தாது. அதாவது, பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் என்றால் அது உங்கள் பாடு. அதற்கப்புறம் "அவருக்கு முன்னாடியே தெரியும்" என்று கோர்ட்டில் நிரூபிக்கும் வேலையும் உங்களுக்குத்தான். 140 வருடத்துக்கு முன்னாலேயே சட்டம் "போய் ஒழுங்கா பாரு" என்று சொல்லிவிட்டது. நாம்தான் பார்க்கவில்லை.

பெயிண்டுக்குப் பின்னால்

என் சித்தப்பா தாம்பரம் பக்கம் அப்படி ஒரு ஃப்ளாட் வாங்கினார். ஆறு வீடு இருக்கும் கட்டடம், இரண்டாவது மாடி. வக்கீல் ஓகே, வங்கி ஓகே. மே மாதம் வெயிலில் போய்ப் பார்த்தார், புது பெயிண்ட் பளபளவென்று இருந்தது. ஜூலையில் ரிஜிஸ்ட்ரேஷன். நவம்பரில் பெட்ரூம் சுவர் முழுக்க ஓதம். கார்பெண்டரை வரவழைத்து சுவரோடு இருந்த வார்ட்ரோபைக் கழற்றினால், அதன் பின்னால் மட்டும் பெயிண்ட் அடிக்கவில்லை. பழைய கறை, உப்புப் பூத்த காரை, வருடக்கணக்கான கதை அங்கே அப்படியே இருந்தது. கசிவு மேல் வீட்டு பாத்ரூமிலிருந்து.

மேல் வீட்டு ஓனர் சிங்கப்பூரில். வாடகைக்கு இருப்பவர் "ஓனரைக் கேளுங்க சார்" என்கிறார். அசோசியேஷன் "அது ரெண்டு வீட்டுக்காரங்க விஷயம்" என்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை. சித்தி அந்த ரூமைப் பூட்டிவிட்டு ஹாலில் படுக்கிறார். தவணை மட்டும் அந்த ரூமுக்கும் சேர்த்துப் போகிறது.

சுவரின் ஈரத்தை அளக்கும் மீட்டர் ஒன்று இருக்கிறது, உள்ளங்கையில் அடங்கும். பெயிண்ட் எவ்வளவு புதுசாக இருந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால் சொல்லிவிடும். அந்த மே மாதம் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தர் அந்த வீட்டுக்குள் அரை மணி நேரம் நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை.

நல்ல ஆய்வாளர் என்ன பார்ப்பார்?

ஈரம்: சுவர், சீலிங், பாத்ரூமுக்குப் பின்பக்கம், ஜன்னலுக்குக் கீழே, மொட்டை மாடிக்கு அடியில். சிலர் தெர்மல் கேமராவும் கொண்டு வருவார்கள். ஈரமான இடம் சுற்றியிருப்பதைவிடக் குளிர்ச்சியாகத் தெரியும்.

விரிசல்: பூச்சில் வரும் மயிரிழை விரிசல் வேறு, கதவு ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் வேறு, சீலிங்கில் கம்பி போகிற வழியில் துருக்கறையோடு வரும் விரிசல் வேறு. முதலாவதற்குப் பட்டி பார்த்தால் போதும். மூன்றாவது என்றால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம்.

கம்பிக்கு மேல் கான்கிரீட் எவ்வளவு கனம் மூடியிருக்க வேண்டும் என்று ஐ.எஸ். 456:2000 விதி சொல்கிறது. சாதாரண சூழலில் 20 மில்லிமீட்டர், உப்புக்காற்று நேராக அடிக்கும் கடற்கரைச் சூழலில் 45. திருவான்மியூரிலும் எண்ணூரிலும் வீடு பார்ப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். உப்பு எவ்வளவு மோசம் என்பதற்கு கடற்கரைகூட வேண்டாம். கடலே இல்லாத குருகிராமில், செக்டர் 109-ல் ஒரு அடுக்ககத்தின் ஒரு பகுதி 2022 பிப்ரவரி 10 அன்று சரிந்து இரண்டு பெண்கள் இறந்தார்கள். பின்னர் ஆராய்ந்த ஐ.ஐ.டி. டெல்லி, கான்கிரீட்டில் இருந்த குளோரைடால் கம்பிகள் அரிக்கப்பட்டிருந்ததைச் சொன்னது.

மின்சாரம்: எர்த் உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை மூன்று ஓட்டை சாக்கெட் மட்டும்தானா? கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வேலை செய்கிறதா? ஏ.சி.யும் கீஸரும் ஒரே ஒயரில் தொங்குகிறதா?

தரை, தண்ணீர்: டைல்ஸைத் தட்டினால் உள்ளே காலியாக இருக்கும் சத்தம் வருகிறதா, பாத்ரூமில் வாட்டம் டிரெய்னைப் பார்த்து இருக்கிறதா, மேல் தொட்டியிலிருந்து வரும் வேகம் போதுமா, போர் தண்ணீர் எவ்வளவு உப்பு.

அளவு: லேசர் மீட்டரில் உள் அளவு எடுத்து, பேப்பரில் சொன்ன கார்ப்பெட் ஏரியாவோடு ஒப்பிடுவது. 60 லட்சத்தில் 1,000 சதுர அடி என்றால் ஒரு சதுர அடி 6,000 ரூபாய். 20 சதுர அடி குறைந்தாலே 1 லட்சத்து 20 ஆயிரம் போச்சு.

இவர்களால் எது முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். சுவரை உடைக்க மாட்டார்கள். புதைந்த குழாய் தெரியாது. அஸ்திவாரம் தெரியாது. "இந்த வீடு 30 வருஷம் நிக்கும்" என்று யாராவது எழுதிக் கொடுத்தால் அவரை நம்பாதீர்கள். கட்டமைப்பில் சந்தேகம் வந்தால் அடுத்து கூப்பிட வேண்டியது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை.

இப்போது இன்ஸ்பெக்ஷன்காரர்களுக்கு அர்ச்சனை

இந்தியாவில் ஹோம் இன்ஸ்பெக்டர் ஆக சட்டப்படி லைசென்ஸ் எதுவும் தேவையில்லை. இன்றைக்கு நானே ஒரு டார்ச்சும் டீ-ஷர்ட்டும் வாங்கி "சர்டிஃபைடு" என்று கார்டு அடித்துக்கொள்ளலாம்.

அதனால் இரண்டு வியாதிகள் வந்திருக்கின்றன. ஒன்று, பக்கத்தை நிரப்புவது. கதவில் கீறல், ஸ்விட்ச் போர்டு கொஞ்சம் சாய்வு என்று 80 பக்கம். அதில் 61-ம் பக்கத்தில் சின்ன எழுத்தில் "எர்த்திங் இல்லை". இரண்டாவது, ஆய்வும் இவரே, வாட்டர்ப்ரூஃபிங் வேலையும் இவரே. வியாதியைக் கண்டுபிடித்தால் லாபம் என்கிற டாக்டர் எத்தனை வியாதி கண்டுபிடிப்பார்?

இதற்கு மருந்து நம்ம பாடத்திலேயே இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டப்படி ஒரு கம்பெனியின் ஆடிட்டரை நியமிப்பது பங்குதாரர்கள். அதே சட்டத்தின் 144-வது பிரிவு, ஆடிட் செய்கிறவர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது போன்ற வேலைகளைச் செய்யக்கூடாது என்கிறது. நீ எழுதிய கணக்கை நீயே சரி என்று சொல்லாதே, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் வீட்டு ஆய்வு பழைய தொழில், 1976-லேயே ஆய்வாளர்களுக்குச் சங்கம் உண்டு. அங்கே கலிபோர்னியாவில் ஆய்வாளருக்கு லைசென்ஸ் கிடையாது. ஆனாலும் தான் ஆய்வு செய்த வீட்டில் 12 மாதத்துக்குள் காசு வாங்கிக்கொண்டு ரிப்பேர் வேலை செய்வதைச் சட்டம் தவறான தொழில்முறை என்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2025 அக்டோபர் 15 முதல், "இன்ஸ்பெக்ஷன் வேண்டாம் என்று ஒத்துக்கொண்டால்தான் விற்பேன்" என்று விற்பவர் நிபந்தனை போட முடியாது. வீட்டுக்குப் போட்டி அதிகமாக இருந்தபோது ஆய்வே இல்லாமல் வாங்கும்படி மக்கள் தள்ளப்பட்டதால் வந்த விதி அது. நம்ம ஊரில் நிபந்தனை போடவே தேவையில்லை. கேட்க ஆளில்லை.

தாலி கட்டின பிறகு ஜாதகமா?

இங்கே இந்தக் கம்பெனிகளை எப்போது கூப்பிடுகிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் சாவி வாங்கும் சமயத்தில், குறைப்பட்டியல் எழுதுவதற்கு. பணம் முழுக்கப் போய்விட்டது, ரிஜிஸ்ட்ரேஷன் முடிந்துவிட்டது. பில்டருக்கு உங்கள் லிஸ்ட்டைப் பார்த்து என்ன பயம்? தாலி கட்டின பிறகு ஜாதகப் பொருத்தம் பார்க்கிற கதை. ஒன்றுமே பார்க்காததற்கு அது தேவலை, புது வீட்டுக்கு அந்த 5 வருடக் கணக்கில் எழுத்துச் சான்றாக உதவும். ஆனால் வேண்டாம் என்று எழுந்து வருகிற உரிமை போய்விட்டது. ஆய்வின் முழு பலமே அந்த உரிமையில்தான் இருக்கிறது.

பழைய வீடு என்றால் அட்வான்ஸுக்கு முன்னால் ஆய்வு. அதற்கு விற்பவர் சம்மதிக்கவில்லை என்றால் விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி: ஆய்வில் கட்டமைப்பு, கசிவு, மின்சாரக் குறை தெரிந்தால் வாங்குபவர் விலகலாம், முன்பணம் முழுதாகத் திரும்ப வேண்டும். உங்கள் வக்கீலுக்கு இதை எழுதப் பத்து நிமிடம் ஆகாது. ரெராவில் பதிவான புதுத் திட்டம் என்றால், ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை. பேரம் பேச உங்களுக்கு இருக்கும் கடைசி இடம் அதுதான்.

"அப்படியெல்லாம் கேட்டா வீடு கை நழுவிப் போயிடும் சார், இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்பார் புரோக்கர். அவருக்குக் கமிஷன் விற்றால்தான். ஒரு மணி நேரம் வீட்டைப் பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவே முதல் ரிப்போர்ட், அதுவும் இலவசமாக.

"நம்ம மேஸ்திரி பார்த்துட்டார்" என்பது இன்னொன்று. மேஸ்திரியை நான் குறைத்துப் பேசவில்லை. ரசமட்டம் வைக்காமலே வாட்டம் சொல்லும் ஆட்கள் உண்டு. ஆனால் அவர் எழுதிக் கொடுக்க மாட்டார், ஒயரிங்கைப் பார்க்க மாட்டார். எழுத்தில் இல்லாததை வைத்து விலையைக் குறைக்கச் சொல்ல முடியாது.

"இடத்தோட மதிப்புதாங்க முக்கியம்" என்பது மூன்றாவது. நிலத்தில் உங்களுக்கு இருப்பது பிரிக்கப்படாத பங்கு. அந்தப் பங்கில் பாய் விரித்துப் படுக்க முடியாது, படுப்பது அந்த ஒழுகும் சீலிங்குக்குக் கீழேதான்.

கடைசியாக, ஆய்வாளரிடம் கேட்க வேண்டியவை

1. உங்கள் ஃபீஸ் முழுக்க என்னிடமிருந்து மட்டும்தானா? பில்டர், புரோக்கர் யாரிடமாவது கமிஷன் உண்டா?
2. ரிப்பேர் வேலையும் நீங்கள் எடுப்பீர்களா? ஆமாம் என்றால் நன்றி, வணக்கம்.
3. வீட்டுக்கு வருபவரின் படிப்பு, அனுபவம் என்ன? கம்பெனி விளம்பரம் வேண்டாம், வருகிற ஆளைப் பற்றிச் சொல்லுங்கள்.
4. நீங்கள் பார்க்கும்போது நான் கூடவே வரலாமா?
5. எதையெல்லாம் பார்க்க மாட்டீர்கள் என்று எழுதித் தருவீர்களா?
6. உயிருக்கு ஆபத்தான குறைகளை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் போடுவீர்களா?

நம்ம வகுப்பில் எத்தனையோ பேர் வீட்டில் இப்போது ஃப்ளாட் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா பத்திரத்தைப் பார்ப்பார், அம்மா சமையலறையைப் பார்ப்பார். நீங்கள் ஒரு வேலை செய்யுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்த ஆறு கேள்வியையும் ஒரு ஆய்வாளரிடம் கேட்டுவிட்டு, விற்பவரிடம் ஒரு நாள் கேளுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு தடவை மழைக்கு அடுத்த நாள் போய்ப் பாருங்கள். வார்ட்ரோபுக்குப் பின்னாலும் டார்ச் அடியுங்கள்.

டிஸ்கி: நான் இன்ஜினியர் இல்லை. எனக்குத் தெரிந்தது டெபிட், கிரெடிட்தான். மேலே சொன்ன கட்டட விஷயத்தில் சந்தேகம் இருந்தால் சிவில் படிக்கும் நண்பர்கள் வந்து திருத்துங்கள், சண்டைக்கும் வரலாம்.